நிவாரண நோட்டு யார் கையில்?



சென்ற மாதம் நடந்த நம் சங்கப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. இரண்டு மணி நேரம் காரசாரமாக விவாதித்தோம். கடைசியில் முடிவெதுவும் எடுக்காமல் கலைந்து சென்றோம். அன்று வர இயலாதவர்களுக்காகத் தீர்மானத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறோம். வெள்ளமோ தீயோ, வீடு இடிப்போ கலவரமோ, கொள்ளைநோயோ நம்மைத் தாக்கும்போது, உதவி வேண்டுவோரையும் உதவ முன்வருவோரையும் இணைக்கும் ஓர் இணையதளத்தைச் சங்கம் நடத்த வேண்டும். அதை நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் ஊதியம் வாங்காமல் கட்டித் தருவார்கள். அதன் நிரலை, அதாவது கணினிக்கு எழுதிக் கொடுக்கும் வேலைக் குறிப்பை, யார் வேண்டுமானாலும் படிக்கவும் எடுத்துக்கொள்ளவும் திருத்தவும் தக்கபடி திறந்து வைக்க வேண்டும். இவ்வளவுதான் தீர்மானம்.

இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருந்தது. "செல்போன் இருக்கிறது, கால் இருக்கிறது, கூலிக்காரன் சங்கத்துக்கு எதற்கய்யா வெப்சைட்?" என்றார் ஒரு மூத்த தோழர். "திறந்து வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான்" என்றார் இன்னொருவர். ஆதரித்துப் பேசிய இளைஞர்களில் ஒருவரோ, "ஒளிவு மறைவு எதற்கு? நிரல், பெயர், விலாசம், யாருக்கு என்ன தேவை, எல்லாவற்றையுமே உலகறியத் திறந்து வைப்போம்" என்றார். கைதட்டலும் வாங்கினார். நாம் கைதட்டவில்லை. எதிர்த்தவர்களைவிட இந்த ஆதரவாளரைக் கண்டுதான் நாம் அதிகம் அஞ்சுகிறோம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் நம் வீட்டுக் குப்பையை நாமே கிளறுவோம். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். நான்கு மணி நேர அவகாசம்! தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் காரை வேலைக்கு வந்து, சர்ஜாபூர் சாலையிலும் ஒயிட்ஃபீல்டிலும் தகர ஷெட்டுகளில் கிடந்த நம் மக்கள் வாரக்கூலி கைக்கு வராமலே அடைபட்டுப் போனார்கள். சங்கம் அன்று சும்மா இருக்கவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கினோம். ஷெட் இருக்கும் இடம், மேஸ்திரி பெயர், பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை, அரிசி எவ்வளவு என்று கோடு போட்டு எழுதினோம். கொடுத்து முடித்தால் ஓரத்தில் 'கொடுத்தாச்சு' என்று குறித்தோம்.

அந்த நோட்டை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறோம். ஆனால் நடந்த தவற்றையும் சொல்ல வேண்டும். நோட்டு ஒன்று, எழுதிய கையும் ஒன்று. எழுதிவந்த தோழருக்கு மூன்று நாள் காய்ச்சல் கண்டபோது அவர் கையெழுத்தை வேறெவராலும் படிக்க முடியவில்லை. ஒரே ஷெட்டுக்கு இரண்டு முறை அரிசி போயிற்று. அதற்கு அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு ஷெட்டில், கைக்குழந்தையோடு இருந்த இரண்டு பெண்கள் உட்பட, எவருக்கும் ஒரு பிடி போகவில்லை. அவர்கள் பெயர் நோட்டில் இருந்தது. பக்கம் புரட்ட ஆள் இல்லை. "கால் இருந்தால் போதும்" என்கிற மூத்த தோழரை நாம் கேட்கிறோம்: கால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று சொல்வது எது?

அதே நாள்களில் வேறோரிடத்தில் என்ன நடந்தது பாருங்கள். 'ஸ்வான்' என்ற பெயரில், சிக்கித் தவித்த தொழிலாளர்களுக்காகத் தொண்டர்கள் ஒரு வலையமைப்பை உண்டாக்கினார்கள். மார்ச் 27 தொடங்கி, வரும் அழைப்புகளை மொழிவாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரிடமும் பேசி, பேசியதைப் பொதுவான அட்டவணையில் பதிந்து, மிக நெருக்கடியில் இருந்தவர்களுக்குச் சிறுதொகையை வங்கிக் கணக்குக்கே அனுப்பினார்கள். ஏப்ரல் நடுவில் அவர்கள் வெளியிட்ட முதல் அறிக்கை 11,159 தொழிலாளர்களைப் பற்றியது. பேசியவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கு அரசின் ரேஷன் வந்து சேரவில்லை. நூற்றுக்கு 89 பேருக்கு முதலாளி ஊரடங்கு நாள்களுக்காக ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? நம் நோட்டில் இருந்ததைப் போன்ற வரிகளிலிருந்துதான். ஆனால் பல கைகள் எழுதிய வரிகள். கூட்டிப் பார்க்கத் தக்கபடி ஒழுங்காக எழுதிய வரிகள். பசியைப் பட்டியல் போட்டவுடன் அது அரசியல் ஆகிவிட்டது. நம் நோட்டிலும் அதே பசி இருந்தது. அதைக் கூட்டிப் பார்க்க நாம் முனையவில்லை.

அரசு பட்டியல் வைத்திருக்கும், நாம் எதற்கு என்று எவரேனும் சொன்னால் அவர்களுக்கு ஒரு செய்தி. ஊர் திரும்ப வேண்டும் என்றால் 'சேவா சிந்து' என்ற கர்நாடக அரசின் தளத்தில் பதிய வேண்டும் என்றார்கள். ஓசூர் எல்லையைத் தாண்டத் தமிழக அரசின் இ-பாஸ் தனி. எழுதப் படிக்கத் தெரியாத சித்தாள் இரண்டு அரசுகளின் இரண்டு தளங்களில் பதிந்துவிட்டு, அத்திப்பள்ளியில் வெயிலில் நிற்க வேண்டும். இது போதாதென்று, 2020 மே 5 அன்று, கட்டுமான முதலாளிகளோடு முதலமைச்சர் எடியூரப்பா பேச்சு நடத்திய அன்றே, வட மாநிலத் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் வேண்டாம் என்று கர்நாடக அரசு ரயில்வேக்கு எழுதிவிட்டது! நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. பீகார்க்காரனும் ஒடியாக்காரனும் தளத்தில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தான். வண்டியை நிறுத்தியவர்களுக்கு அந்தப் பெயர்கள் ஒரு பொருட்டாகவே இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று, ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் கேள்வி எழுந்தது. தொழிலாளர் அமைச்சகத்தின் பதில்: அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை. ஆனால் விவரம் இருந்தது, தோழர்களே! பெங்களூரைச் சேர்ந்த கணினித் தொண்டர் ஒருவரும் அவருடைய நண்பர்கள் சிலரும், பத்திரிகைகளில் வந்த செய்திகளை நாள்தோறும் தேடித் திரட்டி, நோய்க்கிருமியால் அல்லாமல் பசியாலும் களைப்பாலும் ரயிலிலும் சாலையிலும் போன உயிர்களை எண்ணிவந்தார்கள். 2020 ஜூலைக்குள் அவர்கள் எண்ணியது 971. எவரும் சரிபார்க்கும்படி ஒவ்வொரு மரணத்துக்கும் ஆதாரச் செய்தியோடு அதை இணையத்தில் வைத்தார்கள். டெல்லியின் அமைச்சகம் செய்யாததைச் சம்பளமில்லாத சிலர் செய்தார்கள். இணையதளம் என்றாலே சினிமாவும் சீட்டாட்டமும் என்று ஒதுக்கும் தோழர்கள் இந்த 971ஐ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனித் திறந்த நிரலுக்கு வருவோம். நிரல் என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஏரிக்கு வரும் கால்வாய் தூர்ந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். ஏரி எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் அன்று. ஆனால் கரையில் கை வைக்க ஊர்க்கட்டுப்பாடு உண்டு. எந்த மடை எப்போது திறக்கும் என்பது ஊருக்கே தெரியும். திறந்த நிரல், கட்டற்ற மென்பொருள் என்று இளைஞர்கள் சொல்வது ஏறக்குறைய இதுதான். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை ஓர் இயக்கமாக அறிவித்தார். நிரலை எழுதியவன் பூட்டி வைத்து வாடகை வாங்காமல் பொதுவில் வைக்கிறான். பழுது கண்டவன் திருத்துகிறான். திருத்தியதை மற்றவர்கள் சோதித்துப் பார்த்த பின்பே சேர்க்கிறார்கள். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார்கள் என்பது அழியாமல் பதிவாகிறது. சங்கக் கணக்குக்கே இவ்வளவு கண்டிப்பு கிடையாது என்பதைப் பொருளாளர் மன்னிப்பாராக.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் இலங்கையைத் தாக்கியது. அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு என்று தமிழ் பேசும் கரைகள் சின்னாபின்னமாயின. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்தத் தொண்டு நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, எங்கே எது தேவை என்று ஒருவருக்கும் தெரியாத குழப்பம். கொழும்பின் கணினித் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் இந்த நான்கு கேள்விகளுக்கும் நான்கு பதிவேடுகளை நிரலாக எழுதினார்கள். 'சகன' என்று பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். நிரலைத் திறந்து வைத்தார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அதே நிரலை எடுத்துப் பயன்படுத்தினார்கள். "திறந்து வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான்" என்றாரே நம் தோழர், ஆம், தூக்கிக்கொண்டுதான் போனார்கள். கொழும்புக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது அம்மாநிலத் தகவல் தொழில்நுட்ப மிஷனும் பொறியாளர் சங்கத் தொண்டர்களும் 'கேரள ரெஸ்க்யூ' தளத்தைத் திறந்த நிரலாகவே கட்டினார்கள். முன்பின் அறியாத இளைஞர்கள் பல ஊர்களிலிருந்து இரவு பகலாக அதில் கைவைத்தார்கள். ஓர் அரசே கதவைத் திறந்து, வாருங்கள் கட்டுவோம் என்று அழைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

திறந்த நிரல் என்றால் கட்டுப்பாடு அற்றது என்பதும் தவறு. ஏஜிபிஎல் என்ற உரிமம் 2007 முதல் உள்ளது. நம் நிரலை எடுத்துத் திருத்தி இணையத்தில் நடத்துகிறவன், தான் திருத்தியதையும் பயன்படுத்துவோருக்குத் திறந்து காட்டியாக வேண்டும் என்பது அதன் விதி. காண்டிராக்டர் ஒருவர் நம் உழைப்பை அள்ளிப் போய், வண்ணம் பூசி, நம் தலையிலேயே விற்கப் பார்த்தால் அந்த விதி குறுக்கே நிற்கும். எனவே தீர்மானத்தில் உரிமத்தின் பெயரும் இருக்க வேண்டும் என்பது நம் முதல் திருத்தம்.

ஆனால் நிரல் திறந்திருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் நம் கணினி இளைஞர்களோடு நமக்குச் சண்டை. நிரல் திறந்திருக்கும், தளத்தின் பெயர் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும், பாஸ்வேர்டு அவர் தலைக்குள் இருக்கும், சர்வர் வாடகை அவர் அட்டையிலிருந்து போகும். அவருக்குக் கல்யாணமோ கனடாவோ வந்தால் தளம் அன்றோடு படுத்துவிடும். சீட்டுப் பிடித்தவன் நோட்டோடு ஓடிப்போன கதை நமக்குத் தெரியாததா? இவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஓட வேண்டும் என்று நினைத்தவர்களும் அல்லர். ஆனால் நோட்டு போனது போனதுதான். 2021 மே மாதத்தில், ஆக்சிஜனுக்காக நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று, தொண்டர்கள் நடத்திய ஒரு பட்டியலைப் பார்த்து விடிய விடிய எண்களை அழுத்தியது. பாதி எண்கள் அணைந்திருந்தன. எடுத்தவர்களும் "அது போன வாரமே தீர்ந்துவிட்டது" என்றார்கள். தளம் அழகாக இருந்தது. சரிபார்த்து அடித்துவிட ஆள்தான் இல்லை.

முறையாக முடித்துக்கொண்டவர்களும் உண்டு. 'கோவிட்19இந்தியா' தளத்தைத் தொண்டர்கள் 2020 மார்ச்சில் தொடங்கினார்கள்; மாவட்டம் மாவட்டமாக எண்களைத் திரட்டினார்கள்; இனி தாங்காது என்று கண்டபோது முன்கூட்டியே அறிவித்து 2021 அக்டோபர் 31 அன்று நிறுத்தினார்கள். நிரலையும் விவரங்களையும் எல்லோரும் எடுக்கும்படி விட்டுச் சென்றார்கள். கடையைக் கட்டுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

ஆகவே இரண்டாவது திருத்தம்: தளத்தின் பெயர் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். சாவிகள் மூன்று பேர் கையில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது வீட்டு வேலை செய்யும் பெண்கள் கிளையிலிருந்து வர வேண்டும். சர்வர் வாடகையைச் சந்தாவிலிருந்து கட்டி, மற்றச் செலவுகளைப் போல மாதக் கணக்கில் எழுத வேண்டும். எந்த கம்பெனியும் தன் 'சமூகப் பொறுப்பு' நிதியிலிருந்து இதற்குப் பணம் தர வந்தால் வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை பனியன் போட்டு வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் தொண்டை நாம் நிறையப் பார்த்தாயிற்று.

இப்போது கைதட்டல் வாங்கிய அந்த இளைஞரின் பேச்சுக்கு வருகிறோம். எல்லாவற்றையும் திறந்து வைப்போம் என்றாரே, தம்பி, உனக்கு வயது இருபத்து மூன்று. 1991 டிசம்பரில் நீ பிறக்கவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டி இந்த நகரத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் போயின. குடும்பம் குடும்பமாக ஓசூர்ச் சாலையில் நடந்தோம். அன்று கும்பல் தெருவுக்குள் வந்து கேட்ட முதல் கேள்வி, "இதில் தமிழன் வீடு எது?" என்பதுதான். பெரும்பாலான தெருக்களில் கன்னட அண்டை வீட்டுக்காரர்கள், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று சொல்லித்தான் நம்மைக் காப்பாற்றினார்கள். அவர்கள் மறைத்துவைத்த விலாசத்தை நம் கையாலேயே தளத்தில் எழுதி, வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்கிறாயா?

2016 செப்டம்பர் 12ஐ நீயே பார்த்திருப்பாய். தமிழக ஆம்னி பஸ் நிறுவனம் ஒன்றின் 40க்கும் மேற்பட்ட பஸ்கள் ஒரே இடத்தில் கொளுத்தப்பட்டன. வண்டியின் எண் பலகையைப் பார்த்து அடித்தார்கள். எண் பலகையும் ஒரு பட்டியல்தான்.

நமக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். 2021 மே 4 அன்று, பெங்களூர் மாநகராட்சியின் கோவிட் வார் ரூம் ஒன்றுக்குள் மக்கள் பிரதிநிதிகள் சிலர் கேமராவோடு நுழைந்தார்கள். படுக்கை ஒதுக்கீட்டில் ஊழல் என்பது குற்றச்சாட்டு. 200 பேர் அளவுக்கு வேலை பார்த்த இடத்தில் முஸ்லிம் ஊழியர்கள் 17 பேரின் பெயரை மட்டும் வாசித்தார்கள். மறுநாளைக்குள் அந்தப் பெயர்கள் வாட்ஸ்அப்பில் வசைமொழிகளோடு ஊர் சுற்றின. இரவும் பகலும் போன் எடுத்து நோயாளிகளுக்குப் படுக்கை தேடிக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய பெயர் ஒருவன் கையில் கிடைத்த மாத்திரத்தில் என்ன ஆயிற்று பார்த்தோம்.

அரிசி வாங்கிய பெயர் மொய் நோட்டில் எழுதிய பெயர் அன்று, மைக் வைத்து வாசிப்பதற்கு. யாருக்கு அரிசி இல்லை, யார் வீட்டில் கணவன் இல்லை, யார் தனியாக இரண்டு பெண் குழந்தைகளோடு எந்த ஷெட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் நிவாரணப் பட்டியலில் இருக்கும். மேஸ்திரி கையில் போனால் ஒரு விதம். கந்துவட்டிக்காரன் கையில் போனால் இன்னொரு விதம். வீடு இடிக்க வருபவன் கையில் போனால் வேறு விதம். 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் வீடிழந்து நடைபாதையில் கிடந்த குடும்பங்களைக் கேட்டால், பட்டியலில் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன விலை என்று சொல்வார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறதே என்பார்கள். வந்திருக்கிறது. அரசு தன் துறைகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வாசலும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எனவே மூன்றாவது திருத்தத்தில் நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நிரல் முழுவதும் திறந்திருக்கட்டும். எத்தனை குடும்பங்கள் கேட்டன, எத்தனை குடும்பங்களுக்குக் கொடுத்தோம், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற கூட்டுத்தொகை திறந்திருக்கட்டும். பெயரும் விலாசமும் போன் எண்ணும் பூட்டியிருக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டருக்கு அன்றைய நடைக்கு வேண்டிய பெயர்கள் மட்டும் தெரிந்தால் போதும். தேவை முடிந்து குறிப்பிட்ட நாள்கள் கழிந்ததும் பெயர்கள் அழிந்துவிட வேண்டும். சாதி, மதம் கேட்கும் கட்டம் படிவத்தில் இருக்கவே கூடாது. ஆதார் எண்ணையும் கேட்கக் கூடாது. பசிக்கு எதற்கு ஆதார்? அழிக்கிறோம் என்று சொன்னால் உண்மையிலேயே அழிக்கிறோமா என்பதை எவரும் நிரலைப் படித்துச் சரிபார்க்கலாம். திறந்த நிரலின் பெரும் பயனே இதுதான் என்று நாம் கருதுகிறோம். 2020 ஏப்ரலில் வந்த 'ஆரோக்கிய சேது' செயலி என்ன செய்கிறது என்று எவருக்கும் தெரியாமல் மே மாதம் அலுவலகத்துக்கு அலுவலகம் கட்டாயமாக்கினார்கள். கூச்சல் எழுந்த பிறகு மே 26 அன்று அதன் நிரலைத் திறந்து காட்டினார்கள். ஒன்றிய அரசையே அந்த இடத்துக்குக் கொண்டுவர முடிந்தது என்றால், நம் சங்கம் முதல் நாளிலேயே செய்துவிடலாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதிரியைக் காட்டினார்கள், ஆங்கிலத்தில் இருந்தது. "பிறகு தமிழில் மாற்றலாம்" என்றார்கள். பிறகு என்று ஒன்று வராது என்பது நம் அனுபவம். அதே நேரத்தில், தமிழில் மட்டும் என்று கத்திய தோழர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் கன்னட வழியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. நம் தாய்மார்களில் பலருக்கு எந்த எழுத்தும் தெரியாது. பக்கத்து ஷெட்டில் இருப்பவர் ராய்ச்சூரிலிருந்தும் யாதகிரியிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் வந்த கன்னடத் தொழிலாளி. அவரும் நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்தான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் வெள்ளம் வந்தபோது பங்களாக்காரர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனதை உலகமே படம் பிடித்தது. தாழ்வான தகர ஷெட்டுகளில் தண்ணீர் ஏறியபோது அதற்கு மொழி பேதம் தெரியவில்லை. ஆகவே தமிழும் கன்னடமும் முதல் நாளிலிருந்தே வேண்டும். தெலுங்கும் உருதுவும் இந்தியும் அடுத்து வர வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு ஒரு மிஸ்டு கால் போதுமானதாக இருக்க வேண்டும். திரும்ப அழைத்துப் பேசுபவர் நம் ஆளாக இருக்க வேண்டும்.

"நிரல் எழுதத் தெரியாத எனக்கு இதில் என்ன வேலை?" என்று பல தாய்மார்கள் கேட்டார்கள். வேலை மலைபோல் இருக்கிறது, அக்கா. இத்தகைய தளங்களில் நிரல் எழுதுவது கால்பங்கு வேலைகூட அன்று. வந்த அழைப்பு உண்மையா என்று பேசிப் பார்க்க வேண்டும். ஒரே குடும்பம் இரண்டு முறை பதிவாகியிருந்தால் சேர்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய வேலை, உதவி போய்ச் சேர்ந்ததும் வரியை முடித்துவைப்பது. 2015இல் சென்னை வெள்ளத்தின்போது கண்டோம்: மீட்கப்பட்டுப் போய்விட்டவர்களைப் பற்றிய செய்தியே மறுபடி மறுபடி சுற்றிவந்து, படகு தவறான தெருவுக்குப் போயிற்று. முடித்துவைக்கத் தெருவைத் தெரிந்தவர் வேண்டும். அந்தத் தெரு, மென்பொருள் பூங்காவில் குளிரூட்டிய அறையில் இருப்பவரைவிட, தினமும் அங்கே பாத்திரம் கழுவப் போகும் நம் பெண்களுக்குத்தான் தெரியும். படிவத்தில் எந்தக் கேள்வி புரியவில்லை, எது கேட்கக் கூசும் கேள்வி, எது கேட்காமல் விட்ட கேள்வி என்று சொல்வதும் தளம் கட்டும் வேலைதான். பால் பவுடர் என்று ஒரு கட்டம் இருந்தது. சானிட்டரி நாப்கினுக்குக் கட்டம் இல்லை. கட்டியவர்கள் எல்லோரும் ஆண் பிள்ளைகள்!

கணினி நமக்கு எட்டாத கனி என்ற தாழ்வு எண்ணமும் போக வேண்டும். இதே பெங்களூரில், சுதர்சன் லேஅவுட் சேரியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத் தொண்டர்கள் அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையத்தை நடத்திக் காட்டினார்கள். கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய கணினிகளே போதும் என்று நிரூபித்தார்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இலவசமாகக் கற்பிக்கிறது. கணியம் என்ற தமிழ் இதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழிலேயே எழுதிவருகிறது. தமிழில் வழியில்லை என்று இனி எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

நம் இளைஞர்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறோம். சங்கத்துக்குத் தளம் கட்டித் தருகிறோம் என்று சொல்லாதீர்கள். சங்கத்தோடு சேர்ந்து கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காண்டிராக்டருக்கும் உறவினருக்கும் உள்ள வேறுபாடு. எந்த வேலை முதலில், எது பிறகு என்பதை நீங்கள் இரவு பன்னிரண்டு மணிக்கு டெலிகிராமில் முடிவு செய்துவிட்டு, காலையில் எங்களுக்குக் காட்டுவதை ஏற்கமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லோரும் வரக்கூடிய நேரத்தில், தமிழிலும் கன்னடத்திலும் பேசி முடிவு செய்வோம். மெதுவாகத்தான் நடக்கும். வெள்ளம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டால் மெதுவாக நடப்பதில் நஷ்டமில்லை.

ஒத்திவைக்கப்பட்ட தீர்மானம் இந்த மாதக் கடைசி ஞாயிறு மாலை மறுபடியும் பொதுக்குழுவுக்கு வருகிறது. மேலே சொன்ன மூன்று திருத்தங்களோடு அதை நிறைவேற்ற வேண்டும் என்று ஆசிரியர் குழு சார்பில் முன்மொழிகிறோம். எதிர்ப்பவர்களும் வரவேண்டும், குறிப்பாகக் கால் இருந்தால் போதும் என்ற மூத்த தோழர் கட்டாயம் வரவேண்டும். 2020 நோட்டை அன்று மேசையில் வைக்கிறோம். அதில் 'கொடுத்தாச்சு' என்று குறிக்கப்படாத பக்கங்களை அவரே படித்துக் காட்டட்டும். பெயர்களை விட்டுவிட்டு, எண்ணிக்கையை மட்டும்.